பச்சைக் கப்பலும் முழுப் பூசணிக்காயும்



சுற்றுச்சூழல் வாரத்தையொட்டி எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சுவரொட்டிகள் தயாரித்தார்கள். ஒரு மாணவனின் அட்டையில் பெரியதொரு போர்க்கப்பல். அதன் முகப்பில் பச்சை இலை. அடியில் ‘பூமியைக் காக்கும் பசுமைப் படை’ என்ற வாசகம். அமெரிக்க இராணுவம் சூரிய ஆற்றலையும் உயிரி எரிபொருளையும் பயன்படுத்துகிறது என்று இணையத்தில் படித்து, ஆர்வத்தோடு வரைந்திருக்கிறான். அருகில் நின்ற மாணவி ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஐயா, அப்படியென்றால் இனிமேல் போர் நடந்தாலும் காற்று கெடாதா?”

அட்டையைப் பார்த்த பெரியவர்கள் பலரும் பாராட்டிவிட்டுச் சென்றார்கள். அந்தச் சிறுமி கேட்ட கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகின்றேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இராணுவம் சூரியத் தகடுகளைப் பொருத்துவதை நான் எதிர்க்கவில்லை. அதனைப் பூமிக்குச் செய்யும் தொண்டு என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே எதிர்க்கிறேன்.

அந்த மாணவன் வரைந்த கப்பலையே எடுத்துக்கொள்வோம். 2016 சனவரியில் அமெரிக்கக் கடற்படை ‘மாபெரும் பசுமைக் கப்பற்படை’ என்ற பெயரில் ஓர் அணியைக் கடலுக்கு அனுப்பியது. அணியின் தலைமைக் கப்பலான ‘ஜான் சி. ஸ்டென்னிஸ்’ அணுவிசையால் இயங்கும் விமானந்தாங்கி. துணைவந்த அழிப்புக் கப்பல்களுக்கு ஊற்றப்பட்ட எரிபொருளில் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த உயிரி எரிபொருள் 10 விழுக்காடு; மீதி 90 விழுக்காடு வழக்கமான பெட்ரோலிய எரிபொருள். நூற்றுக்குப் பத்து மதிப்பெண் பெற்ற மாணவனை நாம் ‘சிறந்த மாணவன்’ என்று மேடையேற்றுவோமா? கப்பலுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?

அடுத்து, சூரியத் தகடு. நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் நகருக்கு அருகில் நெல்லிஸ் விமானப்படைத் தளம் உள்ளது. 2007-ஆம் ஆண்டில் அங்கே 14 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. 140 ஏக்கர் பரப்பில் 70,000-க்கும் மேற்பட்ட தகடுகள்; அன்றைக்கு வட அமெரிக்காவின் சூரியத் தகட்டு மின்நிலையங்களிலேயே மிகப் பெரியது. தளத்தின் மின்தேவையில் ஏறத்தாழக் கால் பங்கை அது நிறைவு செய்தது. பாராட்டத்தக்கதுதான். ஆனால், அந்த மின்சாரம் எரித்தது தளத்தின் விளக்குகளை, ஓட்டியது குளிர்சாதனங்களை. ஓடுபாதையிலிருந்து சீறிக் கிளம்பிய போர் விமானங்கள் குடித்தது எரிநெய்யைத்தான்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 30 விழுக்காடே தளங்களுக்கும் கட்டடங்களுக்கும் போகிறது. ஏனைய 70 விழுக்காடு விமானம், கப்பல், வண்டி ஆகியவற்றின் இயக்கத்துக்கு. அதிலும் பெரும்பகுதி விமான எரிபொருள். பி-52 குண்டுவீச்சு விமானம் ஒரு மணி நேரம் பறக்க ஏறத்தாழ 3,300 கேலன், அதாவது 12,000 லிட்டருக்கும் மேல் எரிபொருள் வேண்டும். நம் வீட்டுக் கார் 40 லிட்டர் நிரப்புகிறது என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் 300 கார்களின் எரிபொருள் கரைகிறது. இக்கணக்கை ஐந்தாம் ஆண்டு மாணவனே போட்டுவிடுவான். பின் ஏன் அவனுக்கு அதைக் கொடுக்காமல் பச்சை இலையை மட்டும் கொடுக்கிறோம்?

போஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த நெட்டா கிராஃபர்டு, 2019-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கைத் தந்தார். 2017-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 59 மில்லியன் டன் கரியமில வாயுவுக்கு இணையான வளிகளை வெளியிட்டிருக்கிறது. சுவீடன், டென்மார்க் போன்ற முழு நாடுகள் தனித்தனியே வெளியிட்டதைவிட இது அதிகம். உலகில் மிகுதியான பெட்ரோலியத்தைப் பயன்படுத்தும் தனி நிறுவனம் அதுவே.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்றுண்டு. 1997-இல் கியோத்தோ உடன்படிக்கை உருவானபோது, நாடு கடந்த இராணுவப் பயணங்களுக்கான எரிபொருளும் பன்னாட்டுப் படை நடவடிக்கைகளும் நாடுகளின் கணக்கில் சேராதபடி விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கைக் கேட்டுப் பெற்ற அமெரிக்கா, பிறகு அவ்வுடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யவே இல்லை. 2015-இன் பாரிசு உடன்படிக்கையில் அந்த விலக்கு நீங்கியது. ஆனால் இராணுவக் கணக்கைக் காட்டுவது கட்டாயமாக்கப்படவில்லை. விரும்பினால் காட்டலாம்! தோற்ற பாடத்தின் மதிப்பெண்ணை மறைத்து, தேறிய பாடத்தை மட்டும் வீட்டில் காட்டும் பிள்ளையை நாம் கண்டிப்போம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வல்லரசுகளைக் கைதட்டிப் பாராட்டுவோமா?

அப்படியானால் இராணுவம் ஏன் சூரியனை நாடியது? காரணத்தை அவர்களே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். 2003-இல் ஈராக்கில் படை நடத்திய தளபதி ஜேம்ஸ் மேட்டிஸ், எரிபொருள் என்னும் கட்டிலிருந்து படையை விடுவிக்குமாறு கேட்டார். படை வேகமாக முன்னேறியது. எரிபொருள் வண்டிகளால் பின்தொடர முடியவில்லை. ஆப்கானிசுதானில் அந்த வண்டிகளே குண்டுகளுக்கு இலக்காயின. எரிபொருள் கொண்டுசென்ற ஒவ்வொரு 24 வண்டித்தொடருக்கும் ஒருவர் கொல்லப்பட்டார் அல்லது காயமுற்றார் என்று அமெரிக்கத் தரைப்படையின் 2009-ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. 2010-இல் எல்மண்டு மாநிலத்தின் சாங்கின் பகுதிக்குச் சென்ற ஈரூடகப் படைவீரர்கள் மடித்துச் சுருட்டும் சூரியத் தகடுகளை எடுத்துச் சென்றார்கள். மின்கலச் சுமை குறைந்தது. மின்னாக்கி இரைச்சலும் குறைந்தது. ஓட்டுநர் ஒருவர் உயிரோடு வீடு திரும்புவாரானால் அது நல்ல காரணமே. ஆனால் அதன் பெயர் போர்த்திறன். பூமிப் பாதுகாப்பு அன்று.

நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார்: “இராணுவம் பணம் போட்டால்தானே புதிய தொழில்நுட்பம் வளரும்?” உண்மை. 1958-இல் விண்ணுக்குச் சென்ற வேன்கார்டு 1, சூரிய மின்கலம் பொருத்திய முதல் துணைக்கோள். அதனை உருவாக்கியது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம். சாதாரண மின்கலம் விரைவிலேயே தீர்ந்துபோக, சூரிய மின்கலம் 1964 வரை உழைத்தது. இன்று நம் வீட்டுக் கூரையில் இருக்கும் தகட்டின் வரலாற்றில் இராணுவத்துக்கும் பங்குண்டு. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால், கண்டுபிடிப்புக்கு நன்றி சொல்வது வேறு. குண்டுவீச்சு விமானத்துக்கு இலை ஒட்டுவது வேறு.

அந்த இலை எவ்வளவு நாள் ஒட்டியிருந்தது என்பதையும் பாருங்கள். 2009-இல் கடற்படைச் செயலர் ரே மேபஸ், பத்தாண்டுகளில் கடற்படையின் ஆற்றலில் பாதியை மாற்று மூலங்களிலிருந்து பெறுவதாக முழங்கினார். 2025 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத், பருவநிலை மாற்றம் தொடர்பான பணிகளில் தம் துறை ஈடுபடாது என்று கடுஞ்சொல்லில் அறிவித்தார். ஆட்சி மாறியது, சாயம் வெளுத்தது. சாயத்தை நம்பிப் பாடம் நடத்தியிருந்தால் இன்று மாணவர்முன் நம் முகம் எப்படி இருக்கும்?

ஆகவே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, ‘பசுமை’ என்ற சொல்லை எங்கே கண்டாலும் பிள்ளைகளை மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். மொத்தத்தில் எத்தனை பங்கு? யாருக்காகச் செய்தார்கள்? கணக்கில் விடுபட்டது என்ன? இம்மூன்றையும் கேட்கத் தெரிந்த பிள்ளையை எந்த விளம்பரமும் ஏமாற்றாது.

அந்த மாணவனிடம் அட்டையைக் கிழிக்கச் சொல்லவில்லை. 10, 90 என்ற இரண்டு எண்களை மட்டும் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தான். கப்பலின் கீழே பத்துக் கட்டங்கள் வரைந்தான். ஒன்றுக்குப் பச்சை தீட்டினான். ஒன்பதுக்குக் கறுப்புத் தீட்டினான். ‘பூமியைக் காக்கும்’ என்ற சொற்களை அவனே அடித்தான்.

கேள்வி கேட்ட சிறுமி இன்னும் அங்கேயே நின்றாள். “கெடும், அம்மா. போர் நடந்தால் காற்று கெடும்” என்றேன். அந்த விடையைப் பெரியவர்களாகிய நாம் மழுப்பாமல் சொல்வோம்.