‘வேணும்’ என்று ஒரு ஜெபம்
ஊழியத்துக்காக மெக்சிகோ போன எங்கள் குழுவுக்கு ஞாயிறு பூசை முழுக்க ஸ்பானிஷ் மொழியில். ‘ஆமென்’, ‘மரியா’ தவிர ஒன்றும் பிடிபடவில்லை. பரலோக மந்திரத்தைத் தமிழிலேயே சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அர்த்தம் புரியாம என்ன ஜெபம்?” என்றார் கூட வந்த அக்கா.

சவேரியாரை நினைத்துப் பாருங்கள், சகோதரிகளே! இன்றைய ஸ்பெயினின் நவார் பகுதியில் பிறந்தவர். 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவாசம்’ வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்றிருந்ததாம்! 1544-ல் தோழருக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். அதுவரை ஜனங்கள் ஆண்டவரிடம் ‘வேணும்’ என்றே சொல்லி வந்தார்கள். அதுவும் தப்பா என்ன?