கணிப்பொறிக்கு நீர்க்குளிர்ச்சி

வேனிற்காலத்து நண்பகலிற் கானாடுகாத்தானிலுள்ள பழைய வீடொன்றினுட் புகுவார், தெருவின் வெம்மை வாயிலோடு நின்றுவிடுவதை உணர்வர். தடித்த சுவரும், உயர்ந்த கூரையும், வானம் பார்த்த முற்றமுமே அதற்குக் காரணம். அத்தகைய நாட்டில், விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டையைக் கணிப்பொறியிற் பொருத்தும் மாணவர், அதற்கு நீர்க்குளிர்ச்சியும் வேண்டுமென்கின்றனர். நாம் அதனை இகழ வரவில்லை. அதுபற்றிய மயக்கமொன்றை விலக்கவே எழுதுகின்றோம்.

என்விடியா நிறுவனத்தார் 2025-இல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 5090 என்னும் அட்டை 575 வாட் வரை மின்சாரம் கொள்ளும். அஃது ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். மேசைமேல் ஒரு சிறு மின்னடுப்பு இருப்பதாகவே கொள்ளலாம். ஒரே கொள்ளளவில், காற்றினும் 3,000 மடங்கிற்கு மேலாக வெப்பம் ஏற்கவல்லது நீர். ஆதலின் அட்டையின் சில்லின்மேற் செப்புக் கட்டையொன்றைப் பதித்து, அதனூடே பம்பினால் நீரைச் செலுத்தி, ரேடியேட்டரில் ஆற்றி மீண்டும் அனுப்புவர். மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் இதுவே முறை. விசிறி மட்டும் போதாதென்பதன்று. நீரினால் ஓசை குறையும், சூடும் சற்றுத் தணியும்.

இதனை மண்பானையோடு ஒப்பிடுவாருமுளர். அவ்வொப்புமை பொருந்தாது. பானை நீர் புறத்தே கசிந்து ஆவியாகின்றது. தன்னைச் செலவிட்டே காற்றினும் தண்ணிதாகின்றது. குழாயுள் அடைபட்ட நீரோ வெப்பத்தைச் சுமந்து சென்று அறையிற் கொட்டுவதன்றி வேறொன்றும் செய்வதில்லை. அறைக்காற்று 38 டிகிரியாயின் அந்நீர் அதற்குக் கீழே இறங்காது. கான்கிரீட் கூரையின் கீழ்ச் சாளரத்தை அடைத்துவைத்துக்கொண்டு, பெரும்பொருள் கொடுத்தும் குளிரவில்லையே என வருந்துவது யார் குற்றம்? கருவிக்கு முன் அறையைக் குளிர்விக்க வேண்டும் என்பதே எம் கருத்து. வெம்மைக்குப் போக்கிடம் வேண்டுமென்பதை முற்றம் வைத்துக் கட்டிய கொத்தர் நன்கறிந்திருந்தனர்.

கண்மாயையும் ஊருணியையும் நம்பிய நாட்டில் நீரை இதற்குச் செலவிடலாமோ என்பார்க்கும் ஒரு சொல். மூடிய குழாயில் சிறிதளவு காய்ச்சி வடித்த நீரே பல மாதம் சுழலும். (ஊருணி நீரை ஊற்றலாகாது, உப்புப் படியும், பாசியும் பிடிக்கும்.) அஞ்சவேண்டியது வேறிடத்தில். பல்லாயிரம் அட்டைகள் இயங்கும் தரவு மையங்களுட் சில, கோபுரங்களில் நீரை ஆவியாக்கியே குளிர்ச்சி பெறுகின்றன. அவையே பானையின் இனம். 2019-இல் ஏரிகள் வற்றிச் சென்னை மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்துநின்றதை நாம் மறக்கலாமோ? அந்நகரைச் சூழ இம்மையங்கள் பெருகிவரும் இந்நாளில், ஒவ்வொன்றும் எத்துணை நீர் கொள்ளும், அது குடிநீரா, தூய்மை செய்த கழிவுநீரா என்னும் கணக்கை, அனுமதி வழங்குமுன்னரே அரசினர் ஊரறிய வெளியிடல் வேண்டும்.