வட்டி குறைந்தது, தவணை ஏன் கூடுகிறது?

"வட்டி குறைஞ்சிட்டுதாமே, இனிப் பயமில்லைத்தானே?" அண்மைக் காலமாக எங்கட ஆட்கள் பலர் என்னிடம் கேட்கிற கேள்வி இது. வட்டி குறைந்தது உண்மைதான். 2023 யூலையில் 5 வீதமாக இருந்த கனடிய மத்திய வங்கியின் கொள்கை வட்டி, 2024 யூனிலிருந்து படிப்படியாக இறங்கி, 2025 ஒக்டோபர் 29இல் 2.25 வீதத்துக்கு வந்தது. ஆனாலும் பயமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் நாங்கள் ஒப்பிட வேண்டிய ஆண்டு 2023 அல்ல, 2021. கொரோனா காலத்தில் கொள்கை வட்டி வெறும் 0.25 வீதம். அந்த நேரத்தில் 2 வீதத்துக்கும் குறைவான வட்டியில், ஐந்து வருட நிலையான வீதத்துக்கு மோட்கேஜ் எடுத்தவர்கள் ஏராளம். அமெரிக்காவில் முப்பது வருடத்துக்கும் ஒரே வட்டியில் வீடு வாங்கலாம். கனடாவில் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வங்கியின் வாசலில் மறுபடி நிற்க வேண்டும். 2021இல் எடுத்தவருக்கு அந்த நாள் 2026இல் வருகிறது.

இன்னொன்று. நிலையான வட்டி மத்திய வங்கியின் வீதத்தை அப்படியே பின்தொடர்வதில்லை. அரசாங்கத்தின் ஐந்து வருடக் கடன் பத்திரங்களின் வட்டியைப் பார்த்துத்தான் வங்கிகள் அதைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் செய்தியில் வட்டி இறங்க, வங்கி அனுப்பும் கடிதத்தில் தவணை ஏறுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2021இல் 6 லட்சம் டொலர் கடன், 1.8 வீத வட்டி, 25 வருடம். மாதத் தவணை ஏறத்தாழ 2,480 டொலர். ஐந்து வருடத்துக்குப் பிறகு மிச்சம் ஏறத்தாழ 5 லட்சம். அதை 4 வீதத்தில் புதுப்பித்தால் தவணை 3,020 டொலருக்கு மேல் போகும். மாதம் 540 டொலர் கூட. வருடத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு டொலர் வரை. அதுவும் வரி கட்டிய பிறகு கையில் வரும் காசிலிருந்து.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. 2025, 2026 ஆகிய இரண்டு வருடங்களில் மோட்கேஜ் புதுப்பிப்பவர்களில் ஏறத்தாழ 60 வீதமானோருக்குத் தவணை கூடும் என்று மத்திய வங்கியே கணித்திருந்தது. கனடியக் குடும்பங்கள் செலவுக்குக் கையில் எடுக்கும் ஒவ்வொரு 100 டொலர் வருமானத்துக்கும் ஏறத்தாழ 175 டொலர் கடன் வைத்திருக்கின்றன. தவணைக்குப் போகும் காசு கடைக்குப் போகாது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கட உணவகம், நகைக்கடை, மண்டபம் எல்லாம் இந்தச் சனத்தின் மிச்சக் காசை நம்பித்தான் நடக்கின்றன. அமெரிக்க வரிகளால் வாகன, உருக்குத் தொழில்களில் வேலை ஆட்டம் காணும் நேரத்தில் இது நடக்கிறது என்பதுதான் கவலை.

முந்தி, தவணை கட்டேலாவிட்டால் வீட்டை விற்று லாபத்தோடு வெளியேறலாம் என்றொரு நம்பிக்கை இருந்தது. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் சராசரி வீட்டு விலை 13 லட்சம் டொலரைத் தாண்டியது. பிறகு அது இரண்டு லட்சத்துக்கும் மேல் இறங்கிவிட்டது. உச்சத்தில் வாங்கியவருக்கு அந்தக் கதவு இப்போது அநேகமாகப் பூட்டித்தான் இருக்கிறது.

எனக்குப் பெரிய பயம் வங்கியைப் பற்றியது அல்ல, எங்கட மௌனத்தைப் பற்றியது. "சனம் என்ன நினைக்கும்" என்று கஷ்டத்தை மறைத்து, வீட்டின் மேல் கடன் வசதி எடுத்து மோட்கேஜ் கட்டுகிறார்கள். அதுவும் முடிய, தெரிந்தவர் மூலம் தனியாரிடம் இரண்டாவது மோட்கேஜ். அதற்கும் அண்ணனோ மச்சானோ பிணைக் கையெழுத்து. ஒன்ராறியோவில் தவணை தவறினால், 'பவர் ஒஃப் சேல்' முறையில் கடன் கொடுத்தவர் வீட்டை விற்க நீண்ட வழக்கு ஒன்றும் தேவையில்லை. ஒருவரின் கடன் இரண்டு குடும்பத்தை விழுத்திவிடும்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. மத்திய அரசின் கண்காணிப்பில் உள்ள வங்கிகள் தவணைக் காலம் முடிய 21 நாட்களுக்கு முன்னராவது புதுப்பித்தல் விபரத்தை அனுப்ப வேண்டும். அதுவரை காத்திராமல் நாலு மாதம் முன்னரே விசாரிக்கத் தொடங்குங்கள். கடன் தொகையையும் காலத்தையும் மாற்றாமல் வேறு வங்கிக்குப் போவதற்கு, 2024 நவம்பர் 21 முதல் கூடுதல் வட்டியில் கணக்குப் பார்க்கும் அந்தத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே முதல் கடிதத்தில் உள்ள வீதத்துக்கே கையெழுத்து வைக்க வேண்டியதில்லை.

காலத்தை நீட்டிக் கேட்கலாம். மேலே சொன்ன கடனை மறுபடி 25 வருடமாக்கினால் தவணை 2,630 டொலராகும். ஆனால் அதே வட்டி நீடித்தால், கடைசியில் ஏறத்தாழ 64,000 டொலர் கூடக் கட்டியிருப்பீர்கள். மூச்சு விட அவகாசம் கிடைக்கும், விலை தெரிந்து வாங்குங்கள். கடன் அட்டை போன்ற பிணையில்லாக் கடன்கள் கழுத்தை நெரித்தால், உரிமம் பெற்ற வங்குரோத்து நிர்வாகி மூலம் 'கன்சூமர் புரொபோசல்' என்ற சட்ட வழி இருக்கிறது. அதில் வீட்டை இழக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். அம்மா அப்பாவின் மோட்கேஜ் எப்போது புதுப்பிக்க வருகிறது, என்ன வட்டி, வேறு என்ன கடன் என்று இந்தக் கிழமையே கேளுங்கள். மரியாதைக் குறைவென்று அவர்கள் முதலில் கோபிக்கக்கூடும். பரவாயில்லை, திருப்பிக் கேளுங்கள்.