நகல் செதுக்கியும் நம் கைகளும்

பல்கலைக்கழகத்தில் நகலெடுப்பது குற்றம். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் அதைக் கணினி மென்பொருளில் போட்டு, எத்தனை விழுக்காடு பிறருடையது என்று சலித்துப் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் படித்துக்கொண்டே, நகலெடுப்பதற்கென்று ஓர் இயந்திரத்தை நாங்கள் மூவர் சேர்ந்து செய்தோம் என்றால் நண்பர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். சிரித்து முடித்த பின் கேள்வி இரண்டு வரும். கையால் செதுக்கினால்தானே அது கலை என்பார் ஒருவர். சி.என்.சி. இயந்திரம் இருக்கும் காலத்தில் இந்த மரச்சட்டம் எதற்கு என்பார் இன்னொருவர். இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கித்தாரின் கழுத்து, பின்புறத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும்படி உருண்டிருக்கும். சிலவகைக் கித்தார்களில் மேல்பலகையும் தட்டையாக இராமல் நடுவில் புடைத்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். இந்த வளைவுகளை அளந்து தாளில் வரைவது பெரும்பாடு. நகல் செதுக்கி அளப்பதே இல்லை, தடவிப் பார்க்கிறது. ஒரே சட்டத்தில் இரண்டு முனைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று வெட்டாத முனை. அது மூலக் கழுத்தின்மேல் ஊர்ந்து போகும். மற்றது ரௌட்டரில் சுழலும் வெட்டுமுனை. அதன் கீழே புதுக் கட்டை. சட்டம் இடம் வலம் போகலாம், முன் பின் போகலாம், மேலும் கீழும் அசையலாம். ஆனால் முறுக்கிக்கொள்ளவே கூடாது. இரகசியம் அவ்வளவுதான். எங்களிடையே வருடும் முனைக்கு அண்ணன் என்றும் வெட்டும் முனைக்குத் தம்பி என்றும் பெயர். அண்ணன் போன வழியில் தம்பி போவான்.

இருவரும் ஒரே பருமனில், ஒரே உருண்டையில் இருந்தால் நகல் மூலத்தைப் போலவே வரும். அண்ணனை வேண்டுமென்றே பெரிதாக்கினால்? உருண்டைகளின் மையம் ஒரே உயரத்தில் நிற்க, வருடுமுனை 16 மில்லிமீட்டர், வெட்டுமுனை 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரங்களின் வேறுபாடு 2 மில்லிமீட்டர். அந்த 2 மில்லிமீட்டர் மரம் எல்லாப் பக்கமும் மிச்சமாய் நிற்கும். முதற்சுற்று முரட்டு வெட்டுக்கு அதுதான் தேவை. பிறகு அண்ணனைக் கழற்றிவிட்டு 12 மில்லிமீட்டர் முனையைப் பொருத்தினால் இரண்டாம் சுற்று உண்மையான வடிவத்தைத் தொடும். படிவம் நான்கில் வடிவியல் படித்தபோது இதையெல்லாம் யாராவது ஒரு மரக்கட்டையை வைத்துக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

செலவு ஒரு நல்ல கைப்பேசியின் விலையை எட்டவில்லை. சட்டத்துக்கு 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. தண்டவாளத்துக்குப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய குழாய்கள். அவற்றின்மேல் ஓட, உருள்காலணிகளில் இருக்கும் 608 வகை பேரிங்குகள். உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். ரௌட்டரின் எடை கையை அழுத்தாமல் இருக்க, பின்பக்கம் மணல் நிரப்பிய போத்தல் ஒன்று தொங்குகிறது. பார்ப்பதற்கு அழகில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த யோசனை புதியதும் அன்று. நீராவி இயந்திரத்தால் அறியப்பட்ட ஜேம்ஸ் வாட், முதுமையில் தம் வீட்டு மேல்மாடியில் சிலைகளை நகலெடுக்கும் இயந்திரங்களைச் செய்துகொண்டிருந்தார். ஒன்று அதே அளவில் நகலெடுக்கும்; மற்றது பெரிய சிலையிலிருந்து சிறிய நகலை எடுக்கும். அந்தப் பட்டறை இன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாட் 1819-இல் மறைந்தார். அதே ஆண்டு அமெரிக்காவில் தாமஸ் பிளாஞ்சர்ட், துப்பாக்கியின் மரக்கட்டையை இரும்பு மாதிரியிலிருந்து நகலெடுத்துக் கடையும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை ஒவ்வொரு கட்டையையும் உளியாலும் இழைப்புளியாலும் செதுக்கிக்கொண்டிருந்தவர்களின் வேலையை அது எடுத்துக்கொண்டது.

இங்குதான் முதல் கேள்விக்காரரை நான் இலேசாக ஒதுக்கிவிட முடியவில்லை. என் மாமா ஒருவர் மேசை நாற்காலிப் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவர். இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூலத்தைச் செதுக்கியவனுக்கு ஒரு தடவைக் கூலி, நகலெடுப்பவனுக்கு நூறு தடவைக் கூலியா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் நகலெடுப்பது எங்களுள் ஒருவனுடைய பழைய கித்தாரின் கழுத்தை; அவன் கைக்குப் பழகிப்போனது, இப்போது கடையில் கிடைக்காதது. அவனுக்காக ஒன்று செய்வதில் யார் கூலியும் போகவில்லை. ஆனால் பிறர் செதுக்கிய கழுத்தை அவரைக் கேட்காமல் நகலெடுத்து விற்றால், அதை ஆய்வேட்டுத் திருட்டிலிருந்து எப்படி வேறுபடுத்துவது? எனக்குத் தெரிந்தவரை வேறுபாடில்லை.

ஆனால் கைவேலை போய்விடும் என்பதை ஏற்கமாட்டேன். வெட்டுமுனை மேலிருந்து எட்டும் இடத்தைத்தான் வெட்டும். உட்குழிவான பக்கங்கள் அதற்கு எட்டா. அது விட்டுப்போகும் வரிவரியான தடங்களை அரத்தாலும் சுரண்டியாலும் மணல்தாளாலும் நாம்தான் நீக்க வேண்டும். கழுத்தின் தடிமன் முதற்கட்டையருகே பெரும்பாலும் 20 முதல் 22 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதில் 1 மில்லிமீட்டர் மாறினாலும் வாசிப்பவரின் உள்ளங்கை கண்டுகொள்ளும். சுரக்கட்டைகளின் பள்ளங்களையோ நகல் செதுக்கியிடம் நான் ஒப்படைக்கவே மாட்டேன். 648 மில்லிமீட்டர் நீளக் கம்பிக்கு முதற்கட்டை 36.4 மில்லிமீட்டரில் விழ வேண்டும். அது கணக்குப் போட்டு, மெல்லிய வாளால் அறுக்க வேண்டிய வேலை.

சி.என்.சி. நண்பருக்கு வருகிறேன். நூறு கழுத்து வேண்டுமென்றால் அவர் சொல்வதே சரி. எங்களுக்கு வேண்டியது ஒன்றோ இரண்டோ. மேலும் சட்டத்தின் கை ஒல்லியாக இருந்தால் வளைகிறது என்பதையும், வெட்டுமுனை சுழலும் திசையோடு தள்ளினால் அது மரத்தைக் கவ்விக்கொண்டு ஓடப் பார்க்கிறது என்பதையும் விரிவுரைக் குறிப்பில் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். மணிக்கட்டில் உணர்ந்தது இப்போதுதான். பொறியியல் படிக்கும் நம் மாணவர் எத்தனை பேர் பட்டம் வாங்கும்வரை ஓர் உளியைத் தீட்டியிருப்போம்? படித்த பிள்ளை ஏன் ரம்பம் பிடிக்க வேண்டும் என்று கேட்கும் வீடுகளிலிருந்துதான் நம்மில் பலர் வருகிறோம். அந்த வீடுகளிலேயே தாத்தாவோ பெரியப்பாவோ தச்சராக இருந்திருப்பார்.

மொழிக்கும் இதில் பங்குண்டு. உளி, அரம், இழைப்புளி என்ற சொற்களைத் தமிழ்ப்பள்ளியில் படத்தைப் பார்த்து எழுதினேன். தேசியப் பள்ளியின் பட்டறையில் அதே பொருள்களைக் கையில் பிடித்தபோது அவை பாஹாட், கெத்தாம் ஆகிவிட்டன. (கெத்தாம் என்றால் நண்டும்தான், இழைப்புளியை மேலிருந்து பார்த்தால் எனக்கு நண்டு தெரியவில்லை.) சொல் ஒரு பள்ளியிலும் பொருள் மற்றொரு பள்ளியிலுமாகப் பிரிந்து போயின. கலைச்சொல்லாக்கப் போட்டி நடத்துவதில் நம் கழகங்களுக்குக் குறைவில்லை. அப்படி ஆக்கிய சொல்லைப் பட்டறையில் யாராவது கத்திக் கேட்டால்தானே நிலைக்கும்? "டேய், தம்பியை நிறுத்து!" என்பது எங்களிடம் நிலைத்துவிட்ட ஒன்று.

ஆண்டு விழாவுக்கு மேடை அலங்காரம் செய்யும் செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, மாதம் ஒரு சனிக்கிழமை மரப்பட்டறை நடத்தலாம் என்பது என் கருத்து. கித்தார்தான் செய்ய வேண்டுமென்பதில்லை. தஞ்சாவூர் வீணையும் பலா மரத்தில் செய்வது. மலாய்க்காரர்களின் கம்புசுக்கும் பலா உதவும். ஒரே கட்டையில் குடையும் ஏகாண்ட வீணையின் தண்டியை நாம் முயல வேண்டாம். ஓர் அகப்பைக் காம்பில் தொடங்கலாம்.

எங்கள் சட்டம் இப்போது மாமா வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. பழகுவதற்கு மென்மையான ஜெலுத்தோங் கட்டைகள் நான்கும், உண்மை வேலைக்கு நியாத்தோ பலகை இரண்டும் மீதமுள்ளன. வருகிறவர்கள் கண்ணாடியும் முகக்கவசமும் காதுமூடியும் கொண்டு வாருங்கள். ரௌட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30,000 சுற்று சுழல்கிறது. மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. நீளக் கைச்சட்டை வேண்டாம்.