குறை யாரிடம்?

விவாகமாகி இரண்டு வருஷம் கழிந்தும் ஒரு வீட்டில் குழந்தை பிறக்கவில்லையென்றால், நம் ஜனங்களின் கண் முதலில் மருமகள் மீதே விழுகிறது. விரதம் இருப்பவள் அவள். அரசமரத்தைச் சுற்றுகிறவள் அவள். வைத்தியசாலை வாசலில் காத்திருப்பவளும் அவளே. கடைசியில் ‘மலடி’ என்ற பட்டமும் அவளுக்கே கிடைக்கிறது. ‘மலடன்’ என்ற சொல் அகராதியில் உண்டு. ஊரார் நாவில் இல்லை. புருஷனுக்கு இரண்டாவது பெண் பார்க்கலாமா என்ற ஆலோசனைதான் நடக்கிறது. இது அநீதி மட்டுமன்று, உண்மைக்கே விரோதமானது என்பதை எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

உலகில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் மகப்பேறின்மையால் வருந்துகின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் அறிவித்தது. இத்தகைய தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடத்தில் கணவனின் குறை தனியாகவோ, மனைவியின் குறையோடு சேர்ந்தோ காரணமாயிருக்கிறது என்பது வைத்தியர்கள் கண்ட உண்மை. அப்படியிருக்க, மனைவியை மட்டும் சோதிப்பது எந்த நியாயம்?

கணவனுக்குரிய முதற் சோதனையோ மிக எளியது. கத்தியில்லை, ஊசியில்லை. விந்தைப் பூதக்கண்ணாடியில் வைத்து, அணுக்களின் தொகை, ஓட்டம், வடிவம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் என்பதை உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021-ம் வருஷத்துக் கையேடு கீழெல்லையாகக் குறித்திருக்கிறது. அதற்குக் குறைந்தால் பிள்ளையே பிறவாதென்று பொருளல்ல. ஒரே சோதனையைக் கொண்டு முடிவு கட்டுவதும் தகாது. இவ்வளவு எளிய சோதனைக்கு இணங்காத கணவன்மார், மனைவியின் கருக்குழாய்ச் சோதனைக்கும் சத்திர சிகிச்சைக்கும் மட்டும் தயங்காமல் சம்மதிக்கிறார்களே!

இதற்குக் காரணம், ஆண்மை வேறு, விந்தணு வேறு என்று அறியாமைதான். இல்லறத்தில் எக்குறையுமில்லாத திடகாத்திரனிடத்திலும் அணுக்கள் இல்லாதிருக்கலாம். விரையின் இரத்தக் குழாய்கள் புடைத்தல், பருவமடைந்த பின் கண்ட பொன்னுக்கு வீங்கி, விந்து செல்லும் பாதையில் அடைப்பு, புகையிலை, பிறவிக் காரணங்கள் எனப் பல உண்டு. தசை பெருக்குவதற்காகத் தேகப்பயிற்சிக் கூடங்களில் சிலர் போட்டுக்கொள்ளும் ஆண் ஹார்மோன் ஊசியே அணு உற்பத்தியை நிறுத்திவிடக்கூடும் என்பது கவனிக்கத் தக்கது.

1977-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து ஆலையொன்றில் நடந்ததை நோக்குக. வேர்ப்புழுக்களைக் கொல்லும் டி.பி.ஸி.பி. என்ற மருந்தைத் தயாரித்த தொழிலாளர், தங்களில் பலருக்குப் பிள்ளையில்லையே என்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டனர். சோதித்ததில் பலரிடம் அணுக்கள் அற்றும் குறைந்தும் இருக்கக் கண்டனர். 1979-ல் அம்மருந்தின் உபயோகம் அந்நாட்டில் பெரும்பாலும் தடுக்கப்பட்டது. அவர்கள் வெட்கி வாய் மூடியிருந்தால், அந்த விஷம் இன்னும் எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கும்!

பரிகாரமும் இல்லாமலில்லை. புடைத்த குழாய்களுக்கும் அடைப்புக்கும் சத்திர சிகிச்சை உண்டு. ஹார்மோன் குறைவுள்ள சிலருக்கு மருந்து பலனளிக்கிறது. ஒற்றை அணுவைக் கருமுட்டைக்குள் செலுத்திப் பிள்ளை பெறச் செய்யும் முறையை பிரஸ்ஸல்ஸ் நகரத்து வைத்தியர்கள் 1992-ல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் பலிக்குமென்று சொல்ல முடியாது. ஓர் அணு உருவாக இரண்டரை மாதமளவு ஆவதால் பொறுமையும் வேண்டும். ஆனால் மனைவியின் வயது காத்திராது. கணவன் நாணத்தால் வீணாக்கும் ஒவ்வொரு வருஷமும் அவள் கணக்கிலேயே கழிகிறது.

இந்த நாணமே போலி வைத்தியர்களுக்கு மூலதனம். லாட்ஜுகளில் அறையெடுத்து, லேகியத்தையும் பஸ்பத்தையும் விற்றுப் பணம் பறிப்போர் பலர். இத்தகைய விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே மத்திய சட்டம் பிறந்தது. அதன் அட்டவணையில் ‘பெண்களின் மலட்டுத்தன்மை’ என்று ஒரு வரி எழுதினார்கள். ஆண்களுடையதைத் தனியே எழுதவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கும் மருமகள்தான் கண்ணில் பட்டாள் போலும்!

ஒரு வருஷம் கூடி வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லையெனில், தம்பதிகள் இருவரையும் ஒரே நாளில் சோதிப்பது சர்க்கார் வைத்தியசாலைகளில் கட்டாய வழக்கமாக வேண்டும். சட்டத்திலுள்ள குறையும் திருத்தப்பட வேண்டும். ஆனால் சர்க்காருக்காகக் காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. மேடையேறிப் பெண்ணின் சமத்துவத்தைப் பேசும் தோழர்கள், தம் வீட்டில் இக்கேள்வி எழும்போது, “முதலில் என்னைச் சோதியுங்கள்” என்று முன்வரட்டும். அதுவே ஆண்மை.