செவ்வாய்ப் பொங்கல் சாம்பலை அள்ளுறது யாரு?

தோழர்களே, ஒரு நிமிஷம். பதிவு நீளமா இருக்கேன்னு தள்ளிவிட்டுப் போயிடாதீங்க. இது சென்னையில நடந்த விஷயம்தான். ஆனா உங்க தெரு வரைக்கும் வந்து நிக்கிற விஷயம்.

நம்ம நாட்டரசன்கோட்டையில தைப்பொங்கல் முடிஞ்சு வர்ற முதல் செவ்வாய்க்கிழமை என்ன நடக்கும்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணாத்தா கோயில் முன்னாடி செவ்வாய்ப் பொங்கல். எங்கெங்கோ இருக்கிற நகரத்தார் குடும்பங்கள் வந்து சேரும். வரிசை வரிசையா அடுப்பு. நாமளும் போட்டோ எடுப்போம், ரீல்ஸ் போடுவோம், 'எங்க ஊரு கெத்து'ன்னு ஸ்டேட்டஸ் வைப்போம்.

சரி. புதன்கிழமை காலையில அந்தச் சாம்பல், கரிக்கட்டை, கரும்புச் சக்கை, எச்சில் இலை எல்லாம் எங்க போகுது? நாம எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அக்கா கூட்டி அள்ளி வண்டியில ஏத்திடுறாங்க. அந்த அக்காவுக்கு மாசச் சம்பளம் எவ்வளவு? அதை யார் கொடுக்கிறாங்க? பிஎஃப் பிடிக்கிறாங்களா? பிடிச்சதைக் கட்டுறாங்களா? நம்மில் எத்தனை பேருக்கு இதுக்குப் பதில் தெரியும்? எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது. சென்னைப் போராட்டம்தான் கேக்க வச்சது.

*சென்னையில நடந்தது என்ன?*

2025 ஆகஸ்ட் 1. சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசல். ராயபுரம், திரு.வி.க. நகர், அதாவது 5, 6ஆம் மண்டலங்களில் வேலை பார்த்த தூய்மைப் பணியாளர்கள் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம்னு ஒரு திட்டத்தோட பேர்ல மாநகராட்சிக்குக் குப்பை அள்ளியவர்கள். அவர்களுடைய சங்கம் உழைப்போர் உரிமை இயக்கம். கோரிக்கை ரெண்டே ரெண்டு. எங்க மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே. எங்களைப் பணி நிரந்தரம் செய்.

13 நாள் ரோட்டோரத்திலேயே சாப்பாடு, தூக்கம் எல்லாம். ஆகஸ்ட் 13ஆம் தேதி, நடைபாதையைக் காலி செய்யணும்னு உயர் நீதிமன்றம் சொன்னது. அன்னைக்கு நள்ளிரவே போலீஸ் வந்தது. தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்கு நலத்திட்டங்களை அறிவித்தது. இலவசக் காலை உணவு, 10 லட்ச ரூபாய் காப்பீடு, வீடு, சுயதொழில் கடன், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி.

நல்லா கவனிங்க. இந்தத் திட்டங்கள் கெட்டதுன்னு நாம சொல்லலை. விடியக்காலையில வேலைக்கு வர்ற மனுஷிக்குச் சாப்பாடு கொடுக்கிறது நல்ல காரியம். ஆனா அவங்க கேட்டது வேலை, கொடுத்தது டிபன். அதுவும் ராத்திரி தூக்கிட்டுப் போய் இறக்கிவிட்டு, விடிஞ்சதும் இட்லி தர்றேன்னு சொன்னா அதுக்குப் பேரு நலத்திட்டமா?

*கணக்குப் போடுவோம்*

நான் இன்ஜினியரிங் முடிச்சவன். எனக்குக் கோஷத்தை விடக் கணக்கு பிடிக்கும்.

தொழிலாளர்கள் வாங்கிட்டிருந்ததாச் சொன்னது மாசம் ஏறக்குறைய 23,000 ரூபாய். தனியாருக்குப் போனா கையில கிடைக்கும்னு பேசப்பட்டது 16,950 ரூபாய். வித்தியாசம் 6,050. வருஷத்துக்கு 72,600 ரூபாய். பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ் எல்லாம் உண்டுன்னு மாநகராட்சி சொன்னது. அது எந்த முதலாளியும் தர்ற சலுகை இல்லை, சட்டப்படி தர வேண்டியது. கடைக்காரரும் வீட்டு ஓனரும் இன்னைக்குக் கையில இருக்கிற காசைத்தான் கேப்பாங்க. 72,600 ரூபாய் ஒரு பிள்ளையோட காலேஜ் ஃபீஸ்.

'சம்பளம் குறையும்ங்கிறது வதந்தி'ன்னு சில பேர் எழுதினாங்க. அதே ஆகஸ்ட் 20ஆம் தேதி உயர் நீதிமன்றம் தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்தது. அது தொழிலாளர்களுக்குத் தோல்விதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனா அதே தீர்ப்பில், கடைசியாக வாங்கிய சம்பளம் குறையாம பாத்துக்கணும்னும் சொன்னது. வதந்திக்கா நீதிமன்றம் உத்தரவு போடும்?

*அவங்க சொல்ற மூணு நியாயம்*

ஒண்ணு. 'அவங்க மாநகராட்சி ஊழியர்களே இல்லை, திட்டப் பணியாளர்கள்.' அப்படியா? அவங்க கூட்டினது யார் தெரு? வேலைக்கு வந்தாங்களான்னு கணக்கு வச்சது யாரு? 2015 வெள்ளத்தில் சேறு அள்ளினப்போ, 2020 கொரோனாவில் பூட்டின வீட்டு வாசல்ல குப்பை எடுத்தப்போ, 2023 மிக்ஜாம் புயல்ல முழங்கால் தண்ணியில நின்னப்போ 'நீங்க எங்க ஊழியர் இல்லை'ன்னு யாராவது சொன்னாங்களா? அப்போ முன்களப் பணியாளர், மாலை, பாத பூஜை. துப்புரவுப் பணியாளர்னு இருந்த பேரைத் தூய்மைப் பணியாளர்னு மாத்தினாங்க. பேரை மாத்தினவங்க ஆர்டரைக் கொடுக்கலையே.

24 மாசத்துல 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரம் செய்யணும்னு தொழில் நிறுவனங்களுக்குத் தமிழ்நாட்டில் 1981லேயே சட்டம் போட்டாச்சு. மில் முதலாளிக்கு ஒரு நியாயம், அரசாங்கத்துக்கு ஒரு நியாயமா?

ரெண்டு. 'தனியார் வந்தா ஊர் சுத்தமாகும்.' இந்த வசனத்துக்கு 25 வயசு ஆச்சு. சென்னையில் 2000இல் ஓனிக்ஸ் வந்தது. அப்புறம் நீல் மெட்டல் பனால்கா. அப்புறம் ராம்கி. 2020இல் ஏழு மண்டலங்களுக்கு உர்பேசர் சுமீத். ஒவ்வொரு கம்பெனி வரும்போதும் புது வண்டி, புது யூனிஃபார்ம், ரிப்பன் வெட்டு. தனியார்மயம்தான் மருந்துன்னா, 25 வருஷமா சாப்பிட்டும் நோய் ஏன் தீரலை? வண்டி வாங்கணுமா, வாங்குங்க. மெஷின் வேணுமா, நாமும் அதைத்தான் கேக்குறோம். மெஷினை மாநகராட்சியே வாங்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நடுவுல ஒரு கம்பெனி நின்னா அதுக்கு லாபம் வேணும். அந்த லாபம் எங்கிருந்து வரும்? ஒண்ணு நம்ம வரியிலிருந்து, இல்லைன்னா அந்த அக்கா சம்பளத்திலிருந்து. மூணாவது இடம் கிடையாது.

ஒரு கேள்வி. தீயணைப்பு வண்டியை இப்படிப் பத்து வருஷக் குத்தகைக்கு விடுவீங்களா? மாட்டீங்க. அது அத்தியாவசியம், மாநில அரசே துறை வச்சு நடத்துது. குப்பையை ஒரு வாரம் அள்ளாம விட்டுப் பாருங்க, அதுவும் அத்தியாவசியமா இல்லையான்னு கொசு வந்து சொல்லும்.

மூணு. இது கொஞ்சம் தந்திரமான வாதம். 'நிரந்தரம் பண்ணினா அந்தச் சமூகமே காலாகாலத்துக்கும் குப்பை அள்ளணும்னு ஆயிடும்.' கேக்க முற்போக்கா இருக்கும். ஆனா யோசிங்க. ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையா அதே வேலையில கட்டிப் போடுறது எது? நிரந்தர ஆர்டரா, வறுமையா? நிலையான சம்பளம் வந்தா பிள்ளை காலேஜுக்குப் போகும். தினக்கூலியில இருந்தா, அம்மா காய்ச்சல்ல படுத்த அன்னைக்கு அந்த விளக்குமாறு மகள் கைக்குப் போகும். சாதியையும் இந்த வேலையையும் பிரிக்கிற போராட்டம் வேணும், கண்டிப்பா வேணும். அதைச் சம்பளத்தை வெட்டித் தொடங்கக் கூடாது.

*திரு.வி.க. பேர்ல ஒரு மண்டலம்*

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பெரம்பூர்ப் பக்கம் பின்னி மில் தொழிலாளர்களைத் திரட்டி, பி.பி. வாடியாவோடு சேர்ந்து அதை வளர்த்தவர் திரு.வி.க. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம்னு வரலாறு சொல்றது அதைத்தான். அந்த மனுஷன் பேர் வச்ச மண்டலத்துல வேலை பார்த்து, சங்கம் வச்சுக் கேட்ட பெண்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினாங்க. பேர்ப் பலகையைப் பார்த்தாவது கொஞ்சம் கூசியிருக்கணும்.

உலகத்துக்கே இது புதுசு இல்லை. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரம், 1968 பிப்ரவரி. குப்பை வண்டியின் இயந்திரத்தில் சிக்கி ரெண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். அதே மாசம் 12ஆம் தேதி சுமார் 1,300 கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தை ஏற்க முடியாதுன்னு மேயர் பிடிவாதம் பிடித்தார். 'நான் ஒரு மனிதன்'னு எழுதின அட்டையைத் தூக்கிட்டு அவங்க நடந்தாங்க. அவங்களுக்கு ஆதரவா வந்த இடத்துலதான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16ஆம் தேதி மாநகராட்சி இறங்கி வந்தது. சங்கத்தையும் ஏத்துக்கிச்சு, சம்பளத்தையும் கூட்டுச்சு. முடியாதுன்னு சொன்னது ரெண்டு மாசத்துல எப்படி முடிஞ்சது? காசு அப்பவும் இருந்தது. மனசுதான் இல்லை.

*ரெண்டு பேரையும் கேப்போம்*

2020இல் ஏழு மண்டலங்களை மொத்தமாத் தூக்கிக் கொடுத்தது அதிமுக ஆட்சி. இன்னைக்கு அவங்க தூய்மைப் பணியாளருக்காகக் கண்ணீர் விட்டா, அந்தக் கண்ணீர் எங்கிருந்து வருதுன்னு கேளுங்க. பத்து வருஷம் வேலை பார்த்தவங்களை நிரந்தரம் செய்வோம்னு 2021 தேர்தல் அறிக்கையில் எழுதினது திமுக. எழுதின கையே 5, 6ஆம் மண்டலத்துக்கும் கையெழுத்துப் போட்டது. ஒருத்தர் கதவைத் திறந்தார், இன்னொருத்தர் உள்ள கூட்டிட்டுப் போனார்.

*சரி, நமக்கு என்ன?*

நம்ம காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆச்சு. வெடி போட்டோம், சந்தோஷம். ஆனா மாநகராட்சிகளில் கடைநிலை வேலைகளை வெளி முகமைக்கு விட வழி செஞ்ச அரசாணை 152, அதுக்கு முன்னாடியே 2022இல் வந்தாச்சு. அதை ரத்து செய்யணும்னு தூய்மைப் பணியாளர் சங்கங்கள் கேட்டுக்கிட்டே இருக்கு. மாநகராட்சிங்கிற போர்டு மட்டும் வந்தா போதாது, அதுக்குள்ள வேலை பார்க்கிறவங்களுக்கு ஆர்டரும் வரணும்.

இன்னொண்ணு. இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேர் என்னை மாதிரிதான். பி.இ. முடிச்சு ஒரு கம்பெனிக்குள்ள போனேன். கழுத்துல ஒரு கம்பெனி அட்டை, சம்பளச் சீட்டுல வேற கம்பெனி பேரு. பதினோரு மாசம் ஆனதும் 'ஒப்பந்தம் முடிஞ்சது'ன்னு ஒரு மெயில். அன்னைக்கு எனக்கு யாரும் கொடி பிடிக்கலை. ஏன்னா நானும் அதுவரைக்கும் யாருக்கும் பிடிச்சதில்லை. விளக்குமாறு பிடிச்ச கைக்கு இன்னைக்கு நடக்கிறது, கீபோர்டு பிடிச்ச கைக்கு ஏற்கெனவே நடந்துட்டிருக்கு.

*லைக் போதாது, மூணு வேலை செய்யுங்க*

1. உங்க தெருவுக்கு வர்ற அக்காகிட்ட, அண்ணன்கிட்ட பேசுங்க. சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில வருது, லீவு உண்டான்னு கேளுங்க. அவங்க பேரையும் போட்டோவையும் எங்கேயும் போடாதீங்க. அது அவங்க வேலைக்கே உலை வைக்கும்.

2. போன் பயன்படுத்தத் தெரியாதவங்களுக்கு பிஎஃப் கணக்கைத் திறந்து காட்டுங்க. மாசாமாசம் பணம் ஏறியிருக்கான்னு பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். நம்ம படிப்பு இதுக்குக் கூட உதவலைன்னா வேற எதுக்கு?

3. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய்தான் கட்டணம். உங்க பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. தூய்மைப் பணியில் நிரந்தரப் பணியாளர் எத்தனை, ஒப்பந்தப் பணியாளர் எத்தனை, ஒப்பந்த நகல், ஒருவருக்கு ஒரு நாள் கூலி, பிஎஃப் செலுத்திய விவரம். இந்த அஞ்சையும் கேளுங்க. 30 நாள்ல பதில் தரணும். வந்த பதிலை எடுத்துட்டு நம்ம கிளைக் கூட்டத்துக்கு வாங்க. தட்ட வேண்டிய கதவை அங்க முடிவு பண்ணுவோம்.

நம்ம கட்சிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. பொதுக்கூட்டம் முடிஞ்சு தண்ணி பாக்கெட்டையும் பேப்பர் தட்டையும் போட்டுட்டுப் போற மைதானத்தை மறுநாள் கூட்டுறதும் இதே அக்காதான். முதல்ல அதைத் திருத்துவோம். அப்புறம் அரசாங்கத்தைக் கேக்க நமக்குத் தொண்டை இருக்கும்.

அடுத்த செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டைக்கு வாங்க. பொங்கல் போட்டோ எடுங்க. அப்படியே புதன்கிழமை காலையும் ஒரு மணி நேரம் இருங்க. சாம்பல் அள்ளுற அக்காகிட்ட, 'ஆர்டர் வந்துடுச்சா அக்கா?'ன்னு கேளுங்க.

அவங்க ஆமான்னு சொல்ற வரைக்கும் இந்தப் பக்கம் பேசிட்டே இருக்கும்.

#பணிநிரந்தரம்செய்
#அரசாணை152ரத்துசெய்