கடலில்லா ஊரின் நங்கூரம்

ஆங்கில நாட்டுப் பழைய வெள்ளிக் கரண்டி ஒன்றைப் புரட்டிப் பார்ப்பின், அதன் பிடியிற் சில சிறு முத்திரைகள் வரிசையாக இருக்கக் காணலாம். நடக்கும் சிங்கம் வெள்ளியின் மாற்றைக் கூறும். தனியெழுத்தொன்று ஆண்டைக் கூறும். அவற்றோடு நங்கூரமும் இருக்குமாயின், அப்பொருள் பர்மிங்ஹாம் நகரிற் சோதிக்கப்பட்டது என அறியலாம். அந்நகரோ இங்கிலாந்தின் நடுவே, கடற்காற்றுப் படாத இடத்தில் உள்ளது! அங்கே நங்கூரம் வந்தது எவ்வாறு?

ஜேம்ஸ் வாட்டுடன் கூடி நீராவிப் பொறிகள் செய்த மத்தியூ போல்ற்றனை மாணவர் அறிவர். அவர் வெள்ளிப் பொருள்களும் செய்வித்தார். ஆயின், முத்திரையிடும் சோதனைச்சாலை அவர் ஊரில் இல்லை. எழுபது மைலுக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள செஸ்டர் நகருக்கு ஒவ்வொன்றையும் அனுப்பவேண்டியிருந்தது. ஒருமுறை அங்கே கவனமின்றிக் கட்டி அனுப்பிய மெழுகுவர்த்தித் தாங்கிகள் உடைந்து வந்து சேர்ந்தன. முத்திரையின்றி விற்கவோ சட்டம் இடந்தராது.

போல்ற்றனும் ஷெபீல்ட் நகரத்தாரும் பாராளுமன்றத்தை நாடினர். இலண்டன் பொற்கொல்லர் வன்மையாக எதிர்த்தனர். விசாரணை நடந்தபோது பழைய சோதனைச்சாலைகள் சிலவற்றின் குறைகளே வெளிவந்தன. 1773ஆம் ஆண்டில் இரு நகரங்களும் உரிமை பெற்றன. அவ்வாண்டு ஆகஸ்ட் 31ஆந் திகதி பர்மிங்ஹாம் சாலை திறக்கப்பட்டது. முதலில் வந்தவை போல்ற்றனின் பொருள்களே. மனுதாரர் இலண்டனிற் கூடிய விடுதியின் பெயர் 'முடியும் நங்கூரமும்' என்பதாம். அதனால் முடி ஷெபீல்டுக்கும் நங்கூரம் பர்மிங்ஹாமுக்கும் சின்னங்களாயின என்பர். நாணயஞ் சுண்டிப் பங்கிட்டனர் என்ற கதையும் உண்டு, நம்புவோர் நம்புக.

அச்சட்டத்தில் நாம் பெரிதும் மதிப்பது வேறொன்று. சாலையைக் காக்கும் முப்பத்தறுவருள் வெள்ளித் தொழிலாளர் ஒன்பதின்மருக்கு மேற்படலாகாது. செய்தவனே சான்றுங் கூறினால் வாங்குவோன் கதி என்னாவது?

அக்காலச் சோதனை முறையும் அறியத்தக்கது. பொருளிற் சிறிது சுரண்டி எடுத்து, ஈயத்திற் பொதிந்து, எலும்புச் சாம்பலாற் செய்த கிண்ணத்தில் உருக்கினர். ஈயமும் செம்பும் கிண்ணத்தில் ஊறிவிட, தூய வெள்ளி மணியாய் எஞ்சும். அதை நிறுத்துப் பார்த்தனர். ஆயிரத்துக்கு 925 பங்கு தேறினாற் சிங்கம் பொறித்தனர். தேறாத பொருளை உடைத்து விட்டனர்.

1975இல் ஷெபீல்ட் தன் முடியை விடுத்து ரோஜாவை ஏற்றது. நங்கூரமோ மாறவில்லை. அன்று போல்ற்றன் நம்பியிருந்த செஸ்டர் சாலை, கோதுமைக் கதிர்க்கட்டு மூன்றும் வாளுமாகிய தன் சின்னத்தோடு 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மூடப்பட்டது.